பந்தை நிறுத்திய விரல்

ஹாஸ்கெட் மில்ஸ், ஒஹாயோ
27 நவம்பர் 1984, செவ்வாய்

அன்புத் தம்பி எமிலுக்கு,

அக்கா பெர்னடெட் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்த ஊரில் எவனும் நலமாக இருக்க வேண்டும் என்கிற ஆசை இப்போது எனக்கு இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, அதை மட்டும் எழுது.

நீ தங்கியிருக்கும் விடுதிக்கு மூன்று முறை போன் செய்தேன். அங்கே உட்கார்ந்திருப்பவன் உன் பெயரைக் கேட்டதுமே, 'எமிலா? கம்பத்துக்கு வெளியில தேடிப் பாருங்கம்மா, அங்கதான் விழுந்து கிடப்பாரு' என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அதனால்தான் கடிதம். இதையாவது அந்தப் புண்ணியவான் பிரிக்காமல் உன் கையில் கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு எதைத் தின்றாலும் குமட்டுகிறது. நீ உதைத்த பந்து இடது கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போனதற்காக இல்லை. அதற்குப் பிறகு மனிதர்கள் நடந்துகொண்ட விதத்துக்காக. பத்து வருஷமாக உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஊர் இது. கடைத்தெருவின் குறுக்கே 'எமில் ஹுடாக் பிறந்த ஊர்' என்று பெரிய துணி கட்டியிருந்தார்களே, அதைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அவிழ்த்தாகிவிட்டது. மதுக்கடை டுடெக் தன் விறகு நனையாமல் இருக்க அதைப் போர்த்தி வைத்திருக்கிறான். 'பிறந்த ஊர்' என்கிற பாதி மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸுக்காக நிற்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது.

நான் பரிமாறும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்திலும் அதே கதைதான். ஆரஞ்சுத் தோலைத் தூரத்திலிருந்து குப்பைத் தொட்டிக்கு வீசுகிறார்கள். வெளியே விழுந்தால் எல்லோருமாகச் சேர்ந்து 'எமில்!' என்று கத்துகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள். வீட்டில் அப்பன்மார் கத்தியதைத்தானே இங்கே வந்து கத்தும்? இருந்தாலும் நேற்று ஒவ்வொருத்தனுக்கும் மசித்த உருளைக்கிழங்கை அரைக் கரண்டிதான் போட்டேன்.

முடி வெட்டும் மேவிஸ் இருக்கிறாளே, அவள் நேற்று மாலை தேவாலய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உன் தம்பி கொஞ்சம் நிதானமா இருந்திருக்கலாமே பெர்னி, எங்க வீட்டுக்காரரு ஆத்திரத்துல டிவியையே உதைச்சிட்டாரு' என்றாள். 'அவரு உதை சரியா நடுவுல பட்டுதா?' என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. சுருங்கட்டும்.

கஸ்ஸைப் பற்றிக் கேட்காதே. கட்டின புருஷன், உன்னோடு பத்து வருஷம் மீன் பிடிக்கப் போனவன், டுடெக்கின் கடையில் எல்லோரும் உன்னைக் கிழித்துத் தொங்கவிடும்போது பீரைக் கையில் வைத்துக்கொண்டு இளித்துவிட்டு வந்திருக்கிறான். ஏன் என்று கேட்டால், 'விடு பெர்னி, வெளாட்டுதானே' என்கிறான். விளையாட்டாம். நேற்றிலிருந்து அவனைத் தனியாகச் சமைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இனி உன்மேல் எனக்கிருக்கும் கோபத்தைச் சொல்கிறேன், கேள்.

ஆட்டம் முடிய மூன்று வினாடி. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறீர்கள். இந்த ஒரு உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஆட்டம் உங்களுக்கு. முப்பத்தெட்டு கெஜம். நீ தூக்கத்தில்கூட உதைத்துவிடுவாய். எதிரணிக்காரன் இரண்டு முறை இடைவேளை கேட்டு உன்னை மழையில் நிற்க வைத்தான், அப்போதும் நீ சட்டை செய்யவில்லை. அந்த நேரத்தில் உன்னோடு பேசினால் ராசி கெட்டுவிடும் என்று உன் அணியில் ஒருத்தனும் உன் பக்கம் வரவில்லை. நாற்பத்தைந்து பேர் கொண்ட அணியில் ஒரு ஆள் தொழுநோய்க்காரனைப்போலத் தனியாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே பற்றிக்கொண்டு வரும். அது கிடக்கட்டும். பந்தைப் பின்னால் எறிந்தார்கள். உனக்காக மண்டியிட்டிருந்த ஹாலிஸ் அதைப் பிடித்துத் தரையில் ஒற்றை விரலால் நிறுத்தினான். நீ ஓடி வந்தாய்.

உன் கால் பந்தைத் தொடுவதற்கு முன்னால் அவன் விரலை எடுத்துவிட்டான் எமில். பந்து உன் பக்கமாகச் சாய்ந்தது. நீ உதைத்தது சாய்ந்த பந்தை.

டிவியில் நாலு முறை திருப்பிப் போட்டார்கள். வர்ணனை செய்தவர்களுக்கு உன் கால் மட்டும்தான் தெரிந்தது. நான் உன் காலைப் பார்க்கவே இல்லை. நீ பத்து வயதுப் பையனாக இருந்ததிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் உனக்குப் பந்தை நிறுத்தியவள் நான். எத்தனை ஆயிரம் உதை! அந்த விரல் எப்போது இருக்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? என் இடது கை ஆள்காட்டி விரல் இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது. குளிர் ஆரம்பித்தால் வலி. உனக்குப் பன்னிரண்டு வயதில் நீ பந்தை விட்டுவிட்டு இதை உதைத்தாய். உண்மை தெரிந்தால் அப்பா உன் பந்தை அடுப்பில் போட்டிருப்பார். கார் கதவில் நசுங்கியது என்று சொல்லித் தப்பித்தோம். அதற்குப் பிறகு ஒரு மாதம் உன் கால் வரும்போதெல்லாம் என் கை தானாகவே கூசும். 'பெர்னி, நீ பயப்படுற, பந்து சாயுது' என்று நீதானே கத்துவாய்? ஹாலிஸ் செய்தது அச்சு அசல் அதுதான். அவன் பயந்தாங்கொள்ளி.

நீ என்ன செய்தாய்? பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று, 'என் கால், என் தப்பு. பந்து நல்லாத்தான் நின்னுது' என்றாய். அந்த ஹாலிஸ் உனக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். சீ! அவனுக்கு நாக்கு இல்லையா?

திங்கட்கிழமை காலை எடுபிடி ஆள் வந்து 'கோச் கூப்பிடறாரு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா' என்று சொன்னானாம். புத்தகத்தைக் கேட்டால் வேலை போயிற்று என்று அர்த்தம், அதுகூட எனக்குத் தெரியும். பத்து வருஷ உழைப்புக்கு அவர் ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை என்கிறாய். அப்புறம் நேற்று ராத்திரி நீயே போனில் கூப்பிட்டு, 'ஹாலிஸ் பத்தி வெளியில மூச்சு விடாத பெர்னி. உதைக்கிறவன் பந்து பிடிக்கிறவனைக் கைகாட்ட மாட்டான். அது எங்க சட்டம்' என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய். நல்ல சட்டம்டா அது. ஒருத்தன் தப்பு செய்ய, இன்னொருத்தன் தெருவுக்கு வர, தப்பு செய்தவன் பேர்கூட ஊருக்குத் தெரியாத சட்டம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தெற்கத்தி அணியில் சோதனைக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாய். அவர்களுக்கு உதைக்கிற ஆளுக்குத் தொடைத் தசை கிழிந்துவிட்டதாம். ஐந்து பேரை ஒரே வேனில் கொண்டுபோய் வரிசையாக உதைக்க வைத்து, ஒருத்தனை வைத்துக்கொண்டு நாலு பேருக்குச் சாண்ட்விச் கொடுத்து அனுப்புவார்கள். முப்பத்து மூன்று வயதில் இது போனால் உன்னை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றாய். போ. நன்றாக உதை. கம்பளிச் சட்டை இரண்டு அனுப்பியிருக்கிறேன். தொடையைச் சூடாக வைத்துக்கொள்.

உன் அன்பு அக்கா,
பெர்னி

*

3 டிசம்பர், திங்கள்

என் எமிலுக்கு,

நாளைக்கு உன் சோதனை. இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீ உதைத்து முடித்து, ஜெயித்தும் இருப்பாய். அதோடு இன்னொரு நல்ல சேதியும் உன் காதுக்கு வந்திருக்கும். வராவிட்டால் நானே சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை கிறிஸ்துமஸுக்காக வால்நட் ரொட்டி சுருட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் ஆட்டத்தைப் பற்றி ஊரார் போன் செய்து பேசும் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் கேட்கக் கூடாது என்று எனக்கே தெரியும். சாக்கடையை மோந்து பார்ப்பது போலத்தான். ஆனாலும் கை நிறுத்த மாட்டேன் என்கிறது. ஒருத்தன், 'அவன் காலை வெட்டி எடுத்துட்டு நாற்காலிக் காலா போடலாம், அதுக்காவது உபயோகப்படும்' என்றான். நடத்துகிறவன் கெக்கெக்கே என்று சிரித்தான். இன்னொருத்தி, பெண்பிள்ளை, அவளும் ஒரு அம்மாவாகத்தான் இருப்பாள், 'அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பாதீங்க, அங்க இருக்கிறவங்க பாவம்' என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாவுக் கையோடு போனை எடுத்தேன். நாற்பது நிமிஷம் காக்க வைத்தார்கள். ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது. கடைசியில் லைன் கிடைத்ததும் சொன்னேன்: 'நான் எமிலோட அக்கா பேசறேன். உங்க ஊருல ஒருத்தருக்காவது கண்ணு இருக்கா? எல்லாரும் காலையே பாத்தீங்களே, ஒருத்தராவது கையைப் பாத்தீங்களா? பந்து பிடிச்சவன் உதை விழறதுக்கு முன்னாடியே விரலை எடுத்துட்டான். என் தம்பி சாஞ்ச பந்தை உதைச்சான். அந்த விரல்ல ஏதோ அடி பட்டிருக்கு. அடிபடாத விரல் அப்படிக் கூசாது. டிவியிலயே தெரிஞ்சுதே, அவன் விரல்ல சுத்தியிருக்கிற துணிப்பட்டை, அதை அவுத்துப் பாருங்கய்யா!'

நடத்துகிறவன் சிரிப்பை நிறுத்தினான். அப்புறம் 'அம்மா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க' என்றான். சொன்னேன். மதியத்துக்குள் மூன்று தடவை அதையே திருப்பிப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் போட்டு, ஹாலிஸின் கையைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருக்கிறார்கள். விரலுக்கும் பந்துக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி!

நீ வேண்டாம் என்றாய்தான். ஆனால் அந்தச் சட்டம் உனக்கு. எனக்கு அந்தச் சட்டம் கிடையாது, நான் எந்த அணியிலும் இல்லை. உனக்காக வாயைத் திறக்க இந்த உலகத்தில் ஒருத்தியாவது வேண்டாமா?

இந்த ஊரைப் பற்றிச் சொன்னால் நீ சிரிப்பாய். டுடெக் விறகின் மேலிருந்து துணியை எடுத்துத் திரும்பக் கட்டிவிட்டான். நடுவில் எலி கடித்த ஓட்டை. கறிக்கடைக்காரன் என்னைக் கூப்பிட்டு, 'எமில் மேல எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்ல' என்று ஒரு பை நிறைய சாசேஜை நீட்டினான். போன வாரம் உன் படம் போட்ட பத்திரிகையில் ஈரல் பொட்டலம் கட்டிக் கொடுத்தவன் அவன். நான் வாங்கவில்லை. கஸ் வாங்கிக்கொண்டான். மேவிஸ் இப்போது ஹாலிஸைத் திட்டுகிறாள். அதே வாய், அதே வசவு, பேரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அருவருப்பாக இருக்கிறது. ஆனால் வசவு உன்மேல் விழாமல் தள்ளிப் போயிற்றே, அதுவரைக்கும் நிம்மதி.

ஜெயித்ததும் எழுது. இரண்டு வரி போதும்.

ஆசிகளோடு,
அக்கா பெர்னி

*

15 டிசம்பர், சனி

எமில்,

உன் அஞ்சலட்டை வந்தது. இரண்டு வரி கேட்டேன், நீ நாலு வரி எழுதியிருக்கிறாய். 'ஐந்து பேரில் என்னைத்தான் எடுத்தார்கள். வியாழக்கிழமை கையெழுத்துப் போட வரச் சொல்லி, புதன்கிழமையே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஹாலிஸையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இனி என்னைப் பற்றி யாரிடமும் பேசாதே.' ஒரு வசவுகூட இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

மீதியைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். நீதான் என்னைத் தூண்டிவிட்டு ரேடியோவில் பேச வைத்தாய் என்று அந்தத் தெற்கத்திப் பயிற்சியாளர் நினைத்தாராம். 'தோத்தா வீட்டுப் பொம்பளைய விட்டு அடுத்தவனைக் கைகாட்டுறவன் எனக்கு எதுக்கு? நாளைக்கு எவன் அவனுக்குப் பந்து பிடிப்பான்?' என்று கேட்டாராம். நான் அந்த ஆளைக் காலையிலிருந்து மதியம் வரைக்கும் திட்டினேன். மதியத்துக்குப் பிறகு முடியவில்லை. ஏனென்றால், நீ என்னிடம் போனில் சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கார், பின்னால் இழுவண்டி, அதில் கட்டில், நாற்காலி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒரு பெண் இறங்கி வந்து கதவைத் தட்டினாள். ஒல்லி, சிவந்த மூக்கு. 'நான் ட்வைலா. ஹாலிஸோட மனைவி' என்றாள். அவள் கணவன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் மூன்று பிள்ளைகள். ஓக்லஹோமாவில் அவளுடைய அப்பா வீட்டுக்குப் போகிறார்களாம்.

உண்மையைச் சொல்கிறேன், நான் சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். இரண்டு வாரமாக அவனுக்காக வசவு சேர்த்து வைத்திருந்தேன். அவள் உட்காரவில்லை. 'நீங்க நல்லா இருங்க' என்றாள், 'எம் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் பாதியில போச்சு. இவரு ஜன்னலுக்கு வெளியில பாத்துக்கிட்டே இருக்காரு, பேச மாட்டேங்கறாரு. நான் உங்களத் திட்ட வரல. ஒரே ஒரு கேள்வி கேக்கணும், அதுக்குத்தான் ரோட்ட விட்டுத் திரும்பி வந்தோம்.' கேள் என்றேன். 'டாக்டர் பட்டையை அவுத்துப் பாத்தப்ப விரல் ரெண்டு எடத்துல முறிஞ்சு தப்பாச் சேந்திருக்குன்னாரு. ஆறு வாரம் ஆச்சாம். ஆறு வாரமா அவருக்கு நான்தான் சட்டைப் பொத்தான் போட்டு விட்டேன். எனக்கே தெரியல. எங்கிட்ட லேசான அடின்னாரு, கார் கதவுல நசுங்கிடுச்சுன்னாரு. நீங்க எப்படிக்கா டிவியில பாத்தே கண்டுபிடிச்சீங்க?'

கார் கதவு.

 நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்டாள். என் வீட்டில், என்னைப் பார்த்து, அவள் கேட்டாள். 'உன் புருஷனை உள்ள கூப்பிடும்மா' என்றேன்.

அவன் வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், வாசலில் குனிந்துதான் வர வேண்டியிருந்தது. இடது கையில் மாவுக்கட்டு. வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த என் கையைப் பார்த்தான். 'அந்த விரலா?' என்று கேட்டான். ஆமாம் என்றேன்.  பிறகு மெதுவாகச் சொன்னான்: 'அக்டோபர்ல, மழையில பயிற்சி பண்ணும்போது எமிலுக்குக் கால் வழுக்கிடுச்சு. உதை விரல்ல விழுந்துது. வெளியில தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாங்க. எமில்தான் விரலைக் கட்டி விட்டான். யாராவது கேட்டா கார் கதவுன்னு சொல்லு, எங்க வீட்ல அது வேலை செஞ்சுதுன்னான்.'

நான் கேட்டேன்: அன்றைக்குப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை? அவன் சொன்னான்: 'திங்கக்கிழமை காலையில சொல்லிடலாம்னுதான் கோச் ரூமுக்குக் கிளம்பினேன். எமில் கதவுகிட்ட வந்து மறிச்சுட்டான். உன் விரலை உடைச்சது என் கால்தானடா, உனக்கு மூணு புள்ளைங்க இருக்கு, என் காலுக்கு வேற எடம் கிடைக்கும், போய் உக்காருன்னான். நான் உக்காந்தேன். அது என் தப்பு.' அதைச் சொல்லும்போது ட்வைலா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது அவளுக்கும் புதுச் செய்தி.

இருந்த ரொட்டியையெல்லாம் பொட்டலம் கட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ட்வைலா வாங்க மாட்டேன் என்றாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். 'அதை நீங்க ரேடியோவுல கேக்க முடியாதுல்ல' என்றாள். 

எமில், டுடெக்கைக் கண்டால் எனக்கு அருவருப்பு, கறிக்கடைக்காரனைக் கண்டால் அருவருப்பு, அந்த ரேடியோக்காரனின் சிரிப்பைக் கேட்டால் வாந்தி வருகிறது என்றெல்லாம் உனக்கு எழுதினேனே. இப்போது காலையில் கண்ணாடியில் தலை வாரும்போது அதே குமட்டல்தான். அவர்களாவது தெரியாமல் பேசினார்கள். நான் அந்த விரல் ஏன் கூசியது என்று தெரிந்தவள். பயந்த விரல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள். தெரிந்துகொண்டு, அதையே கத்தியாக எடுத்து அவன்மேல் வீசினேன். உன்மேலும்தான் பட்டது. எல்லாம் தம்பிக்காக என்று சொல்லிக்கொண்டு, நாற்பது நிமிஷம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரெல்லாம் என் குரலைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அதை நினைத்தால்தான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுவரைக்கும் உன்னிடம் சொன்னதில்லை. அந்தக் கார் கதவு. நாம் பொய் சொன்ன அன்றைக்குக் காலையில் கதவைச் சாத்தியது அப்பா. தான்தான் என் விரலை நசுக்கிவிட்டோம் என்று அவர் நம்பிவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை எந்தக் காரின் கதவையும் இரண்டு கையாலும் பிடித்து, எல்லோருடைய கையும் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாத்துவார். நீ சிரிப்பாய், அப்பாவுக்குக் கிறுக்கு என்பாய். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உன் பந்து அடுப்புக்குப் போய்விடும் என்று பயம். அன்றைக்குப் பேசியிருக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன், இன்றைக்கு மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் பேசிவிட்டேன். அடுத்தவனுக்காகப் பொய் சொல்லிவிட்டு நேராக நிற்பதை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் யாரையெல்லாமோ திட்டினேனே, என்னிடம்தான் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

டுடெக்கின் துணியை நேற்று நானே ஏணி போட்டு ஏறி அவிழ்த்துவிட்டேன். 'பைத்தியம் பிடிச்சிருச்சா பெர்னி?' என்று கீழே நின்று கத்தினான். அவனுடைய விறகின்மேலேயே திரும்பப் போர்த்திவிட்டு வந்தேன். கஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்காக அவனுக்கு இரவுச் சாப்பாடு போட்டேன்.

ஹாலிஸின் ஓக்லஹோமா முகவரியைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். மாவுக்கட்டைப் பிரிக்கும்வரை அவனால் பேனா பிடிக்க முடியாதாம், இடக்கைக்காரனாம். நீ எழுது.

நீ அந்த விடுதியில் கிறிஸ்துமஸைக் கழிக்காதே. இங்கே வா. ஊர்க்காரர்கள் உன் முதுகில் தட்ட வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். பனிக்காலம் முடியும்வரை இரு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் முப்பத்தெட்டு கெஜம் வரைக்கும் பனியை ஒதுக்கித் தருவதாகக் கஸ் சொல்லியிருக்கிறான். கோடையில் யாராவது கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். உன் கால் தயாராக இருக்கட்டும். பந்து பிடிக்க ஆள் வேண்டுமே என்று யோசிக்காதே. நான் இருக்கிறேன். முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது, ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வேன். இந்த முறை நீ உதைத்து முடிக்கும்வரை நான் விரலை எடுக்கப் போவதில்லை. ஒருவேளை கால் வழுக்கினாலும் பரவாயில்லை. யாராவது கேட்டால், கார் கதவு என்று சொல்லிக்கொள்கிறேன்.

வருவாயா எமில்?

பெர்னி